பழைய மோட்டாரின் தாகம்

ஜீவனஹள்ளியிலும் அதனை அடுத்த காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், சொந்தமாக ஒரு மோட்டார் வண்டி வைத்திருப்போர் தொகை முன்னிலும் மிகுந்திருக்கிறது. அவ்வண்டிகளுள் கடையிலிருந்து புத்தம் புதிதாக ஓட்டி வந்தவை சிலவே. வேறொருவர் பத்தாண்டு ஓட்டிக் களைத்த பிறகு, சீட்டுப் பணத்தையும் சேமிப்பையும் கூட்டி வாங்கியவையே பல. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800, அதே ஆண்டில் ஆலையை விட்டு இறுதியாக வெளிவந்த அம்பாஸடர், 2019-இல் விடைபெற்ற ஆம்னி ஆகியவற்றை நம் தெருக்களில் இன்றும் காணலாம். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆதலால் அவற்றின் ஆயுள் எளிதில் முடிவதில்லை.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரெயிலில் முன்பதிவு கிடைப்பது எத்தனை அரிது என்பதை, ரெயில்வேயில் எழுத்தர் பணி செய்யும் நம்மிடம் வந்து முறையிடும் அன்பர்களே நன்கு அறிவார்கள். டிக்கெட் கிடைக்காத குடும்பம் தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பலகாரத் தூக்குகள் சகிதமாகப் பழைய வண்டியில் ஏறிவிடுகிறது. வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் என்று எங்கே போனாலும், போகும்போது வழி பெரும்பாலும் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. விடுமுறை முடிந்து, அரிசி மூட்டையும் தேங்காயும் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்புகையில்தான் தொப்பூர்க் கணவாயில் வண்டி கொதித்து நின்றுவிடுகிறது. சாலையோரத்தில் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் வண்டிகளை அவ்வழியில் காணாத பண்டிகை நாளே இல்லை எனலாம்.

இதற்கு வெயிலைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. வண்டியின் வயதைக் காரணமாகச் சொல்வோரும் உண்டு. வெயிலும் வயதும் துணைக்காரணங்களே. பழைய வண்டி கொதிப்பதற்குப் பெரும்பாலும் மூலகாரணம், அதன் குளிர்விக்கும் நீர் எங்கோ ஓரிடத்தில் சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டிருப்பதுதான். நாம் கையில் ஸ்பானர் பிடித்துத் தொழில் கற்றவரல்லேம். எனினும் பட்டறைக்காரர்களை அருகிருந்து கேட்டும், நூல்களைப் பார்த்தும், ரெயில் யந்திரங்களைப் பற்றி அலுவலகத்தில் காதில் விழுந்தவற்றை ஒப்பிட்டும் அறிந்தவற்றை, குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகிறோம்.

பெட்ரோலை எரித்துப் பெறும் உஷ்ணம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. ஏறத்தாழ மற்றொரு பங்கை, யந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொண்டு போய் முன்புறத்திலுள்ள ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் வருகிறது. நீலகிரி மலை ரெயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போனவர்கள், ஹில்குரோவ் நிலையத்தில் நீராவி என்ஜின் நின்று தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருப்பார்கள். நீராவி என்ஜினுக்கு நீர் உணவு. குடித்ததை ஆவியாக விட்டுக்கொண்டே போவது அதன் இயல்பு. மோட்டாருக்கோ நீர், போய்த் திரும்பி வரும் ஓர் ஏவலாள். ஏவலாள் திரும்பி வரவில்லையென்றால் எங்கே போனான் என்று விசாரிக்க வேண்டாமா? நம்மவர் பலர் அதனை விசாரிப்பதில்லை. தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ‘இந்த வண்டிக்குத் தண்ணீர் கொஞ்சம் அதிகம் வேண்டும்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் இவ்வாறு சொல்வது பொருத்தமாகவே இருந்தது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனி தேசத்தில் கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் செய்த மூன்று சக்கர மோட்டாரில் தம் மக்கள் ஆய்கன், ரிச்சர்டு இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரத்திலிருந்து போர்ட்ஸ்ஹைம் நகரத்திலிருந்த தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். உலகில் மோட்டார் வண்டி செய்த முதல் நெடும் பிரயாணம், ஒரு பெண்மணி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போன பிரயாணந்தான் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு உவப்பான செய்தி. அவ்வண்டியில் இன்றுள்ள ரேடியேட்டர் இல்லை. யந்திரத்தைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போவதே அதனைக் குளிர்வித்தது. ஆகவே வழி நெடுக நீர் தேடி ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 1900-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியாளர், ஆயிரக்கணக்கான சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். அன்றுமுதல் நீர் சுற்றி வரும் பொருளாயிற்று. அதன்பின் கதை குழாய்களின் கதைதான். குழாய் என்றால் கசிவும் உண்டு.

இக்கால ரேடியேட்டருக்கு மூடி ஒன்று உண்டு. பார்வைக்கு ஊறுகாய் ஜாடியின் மூடிபோல அற்பமாகத் தோன்றும் இப்பொருளின் வேலையைப் பலர் அறியார். கடற்கரை ஊரில் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும்; நம் பெங்களூர் உயரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்; உதகமண்டலத்தில் 93 டிகிரிக்கும் கீழே. யந்திரமோ 90 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில்தான் செவ்வனே வேலை செய்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது 100-ஐத் தாண்டுவதும் இயல்பே. அப்படியிருந்தும் நீர் கொதிக்காமலிருப்பது எவ்வாறு? மூடியிலுள்ள வில்லும் ரப்பர் வளையமும் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால்தான். நம் சமையலறைப் பிரஷர் குக்கர் செய்யும் வேலையே அது. காற்றழுத்தத்துக்கு மேல் மேலும் ஒரு பங்கு அழுத்தத்துக்குச் சற்றுக் குறைவாக, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ தாங்கும் மூடி போட்டால், பெங்களூரிலும் வெறும் நீரின் கொதிநிலை 117 டிகிரி அளவுக்கு ஏறிவிடும்.

இப்போது கசிவின் வஞ்சகம் விளங்கும். ஊசிமுனையளவு துவாரம் ஒன்று குழாயில் விழுந்துவிட்டால், நீர் குறைவது ஒரு நஷ்டம். அழுத்தம் தேங்காமற் போவது மற்றொரு நஷ்டம். முதலாவதைக் கண் காணும். இரண்டாவதைக் காணாது. நீர் ஓரளவு இருக்கும்போதே, அழுத்தம் இல்லாத காரணத்தால், 117-இல் கொதிக்க வேண்டியது 97-இல் கொதித்துப் பொங்கி வெளியேறுகிறது. ‘காலையில்தானே நிறைய ஊற்றினேன், அதற்குள் எங்கே போயிற்று?’ என்று சாலையோரத்தில் நின்று வியப்பவர்களுக்கு விடை இதுவே. ரப்பர் வளையம் வெடித்துப்போன ஒரு பழைய மூடி மாத்திரமே இத்தனை துன்பத்துக்கும் காரணமாக இருத்தல் கூடும். அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

இதனினும் பெரிய வஞ்சகம் ஒன்று உண்டு. அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஓட்டுநருக்கு எதிரேயுள்ள உஷ்ணமானியின் முள் மேலே ஏறினால் அபாயம் என்பதை அனைவரும் அறிவர். ஆனால் முள் ஏறிப் பின்னர் திடீரென்று இறங்கினால்? ‘அப்பாடா, ஆறிவிட்டது’ என்று மகிழ்ந்து ஓட்டியவர்களே யந்திரத்தைப் பாழாக்கியவர்களுள் அநேகர். அம்முள்ளை ஆட்டுவிக்கும் உணர்கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். நீர் வடிந்து, அக்கருவி வெறுங்காற்றில் நிற்க நேர்ந்தால், பக்கத்து இரும்பு தகித்துக்கொண்டிருந்தாலும் அது குறைந்த உஷ்ணத்தையே காட்டக்கூடும். வைத்தியர் நோயாளியின் வாயில் வைக்க வேண்டிய உஷ்ணமானியைச் சன்னலோரத்தில் வைத்துவிட்டு, ஜுரம் இல்லை என்று சொல்வது போன்றது அது. ஆதலால் ஏற்றத்தின் நடுவே, நியாயமான காரணம் ஏதும் இன்றி முள் சரசரவென்று இறங்கினால், ஏறியதைவிட அதிகமாக அஞ்ச வேண்டும்.

ரெயில்வேயில் இவ்விஷயத்தில் முன்னோர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார்கள் என்பதைப் பாருங்கள். நீராவி என்ஜினில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக்குழாய் ஓட்டுநரின் கண்ணெதிரேயே இருந்தது. அது பொய் சொன்னாலும் என்ன செய்வது என்று எண்ணி, அடுப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் நிறைத்த திருகாணிகளைப் பொருத்தினார்கள். கொதிகலத்தின் நீர் அக்கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஈயம் உருகும். அத்துளை வழியே நீராவி அடுப்பினுள் சீறிப் பாய்ந்து எச்சரிக்கும். பின்னர் வந்த ஆல்கோ வகை டீசல் என்ஜின்களிலோ, குளிர்விக்கும் நீர் குறைந்துவிட்டால் என்ஜினைத் தானே நிறுத்திவிடும் சாதனத்தை அமைத்தார்கள். ஓட்டுநர் விரும்பினாலும் மேற்கொண்டு ஓட்ட முடியாது. நமக்கு அண்மையில் கிருஷ்ணராஜபுரத்தில் உள்ள டீசல் கொட்டகையைக் கடந்து போகிறபோதெல்லாம் நாம் நினைப்பதுண்டு: இருபதாண்டுக்கு முற்பட்ட குடும்ப வண்டிகளில் உருகும் ஈயமும் இல்லை, தானே நிறுத்தும் சாதனமும் இல்லை. ஓட்டுபவரின் கண்ணும் மூக்குமே அதன் காவல்.

மூக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கூலண்ட் என்று கடையில் விற்கும் வண்ணநீரில் எதிலீன் கிளைக்கால் என்னும் பொருள் கலந்திருக்கிறது. அது சூடான யந்திரத்தின் மேல் சொட்டினால் வெல்லப்பாகு காய்வது போன்ற ஓர் இனிப்பு வாடை வரும். வண்டிக்குள் அவ்வாடை அடித்தாலோ, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான மூட்டம் படிந்தாலோ, ஹீட்டர் உள்ள வண்டியாயின் அதன் குழாயில் கசிவு என்று ஐயுறலாம்.

கசிவைத் தேடுவதற்கு உகந்த நேரம் விடியற்காலை. இரவு முழுவதும் ஆறிய வண்டியே உகந்த வண்டி. முதல்நாள் இரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை நான்காக விரித்து, மேலே கல் வைத்துவிடுங்கள். காலையில் எந்த இடத்தில் நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேடலாம். ஏ.சி. போட்டு ஓட்டிய வண்டியிலிருந்து சொட்டும் நீர் நிறமற்றது, மணமற்றது. அதனைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பச்சையாகவோ சிவப்பாகவோ, விரலில் தொட்டால் வழவழப்பாகவோ இருந்தால்தான் கவலை. ஆனால் எல்லாக் கசிவும் தரையில் சொட்டுவதில்லை. ஓடும்போது சூட்டிலேயே காய்ந்துவிடும் கசிவு உண்டு. அது தன் வழியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொருக்கை விட்டுச் செல்லும். ரேடியேட்டரின் மேல் கீழ் மூலைகள், ரப்பர் ஹோஸ் குழாய்கள் இரும்போடு சேருமிடத்தில் கிளிப் இறுக்கிய பகுதி, வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றைக் கைவிளக்கு கொண்டு பார்க்க வேண்டும். அந்தத் துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பம்பின் உள்ளேயுள்ள அடைப்பு தேய்ந்துவிட்டது என்பதை அது சொட்டித் தெரிவிக்கும். சொட்டுகிறதே என்று அதனை அடைத்துவிட்ட மேதாவிகளும் உண்டென்று பட்டறைக்காரர் ஒருவர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஹோஸ் குழாயை விரலால் அமுக்கிப் பாருங்கள். ஊறிய அப்பளம்போல் தளர்ந்திருந்தாலும், காய்ந்த வற்றல்போல் நொறுநொறுத்தாலும் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆம்னி போன்ற வண்டிகளில் யந்திரம் முன் இருக்கையின் அடியில் மறைந்திருப்பதால், இருக்கையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமே பலருக்கு இல்லை. மற்ற வண்டிக்காரரைவிட அவர்கள் இதில் ஒருபடி அதிகக் கவனம் கொள்ள வேண்டும்.

வெளியே எங்கும் ஈரமில்லை, பொருக்குமில்லை, ஆயினும் நீர் குறைகிறது என்றால், அது உள்ளே போகிறது என்று பொருள். என்ஜினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் என்னும் தகடு கெட்டிருக்கலாம். எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருக்கும். அல்லது, யந்திரம் நன்றாகச் சூடான பின்னரும் புகைக்குழாயில் வெண்புகை இனிப்பு வாடையோடு விடாமல் வரும். இவ்விரண்டில் ஒன்றைக் கண்டாலும் வண்டியை வெளியூருக்கு எடுக்கவே கூடாது. ஐயம் தீராதவர்கள், ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் பட்டறைக்குப் போகலாம். யந்திரம் குளிர்ந்திருக்கும்போதே மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் விடுவார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு; எங்கே என்பதையும் அப்போதே கண்டுவிடலாம். பத்து முறை நீர் ஊற்றிப் பார்ப்பதைவிட ஒரு முறை இச்சோதனை செய்வது மேல்.

மஞ்சள்தூள் வைத்தியத்தைப் பற்றி நம்மிடம் கேட்காத அன்பர் இல்லை. லாரிக்காரர்களிடமிருந்து நம் குடும்பங்களுக்கு வந்த கைவைத்தியம் இது. ஒழுகும் ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்தூளைக் கொட்டினால் ஒழுகல் நிற்கும் என்பார்கள். நிற்பது உண்மைதான். நுண்ணிய தூள் நீரோடு போய்த் துவாரத்தில் திரண்டு அடைத்துக்கொள்கிறது. ஆனால் துவாரத்தை அடைக்கத் தெரிந்த மஞ்சளுக்கு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்காமல் விடத் தெரியாது. ஒழுகல் நின்ற வண்டி, அடுத்த மாதம் ஒழுகாமலே கொதிக்கும். நடுக்காட்டில் வேறு கதியில்லாதவர் அடுத்த ஊர் சேர அதனைப் போட்டுக்கொண்டால் குறை சொல்லமாட்டோம். ஊர் சேர்ந்த பின் ரேடியேட்டரை நன்றாகக் கழுவிவிட வேண்டும். கடையில் புட்டியில் விற்கும் கசிவடைக்கும் மருந்துகளும், நம் கருத்தில், மஞ்சளின் நாகரிகமான தம்பிகளே.

‘பெங்களூரில் நீர் உறையப் போவதில்லை, உறையாமல் காக்கும் கூலண்ட் எதற்கு?’ என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. இந்நகரத்தில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணம் 7.8 டிகிரி, அதுவும் 1884-ஆம் ஆண்டு ஜனவரியில். ஆனால் கூலண்ட் நமக்குச் செய்யும் உபகாரம் வேறு. சரிபாதி கலந்தால் கொதிநிலையைக் கடல்மட்டத்தில் சுமார் 107 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, இரும்பும் அலுமினியமும் அரிக்கப்படாமல் காக்கிறது. நம் பகுதியில் போர்க் குழாய் நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படிந்து, உஷ்ணம் வெளியேறாதபடி ஒரு சுவர் எழுப்பிவிடுகிறது. அன்றைய ரெயில்வேக்காரர்கள் நீராவி என்ஜினுக்கே கடின நீரைப் பதப்படுத்தி ஊற்றினார்கள். எனவே வடித்தெடுத்த நீரில் கூலண்டைக் கலந்து ஊற்றுவதே முறை. வண்ணம் வேறான இரு கூலண்டுகளை ஒன்றாகக் கலக்கக்கூடாது; சில வகைகள் சேர்ந்தால் கூழ்போல் திரிந்துவிடும். வண்ணம் ஒன்றாக இருப்பதாலேயே வகையும் ஒன்று என்று நம்பவும் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வண்டியாயின், முழுவதையும் வடித்துக் கழுவிவிட்டுப் புதியதாக நிரப்புவது நல்லது.

வண்டி எந்த இடத்தில் கொதிக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். டின் பாக்டரியிலும் சில்க் போர்டு சந்திப்பிலும் ஊர்ந்து போகையில் முள் ஏறி, ஓசூர் தாண்டி வேகம் எடுத்தவுடன் இறங்கிச் சமநிலையில் நின்றால், மின்விசிறியின் மேல் ஐயம் கொள்ளலாம். நிற்கும்போது காற்றிழுக்க விசிறி வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே போதும். மாறாக, நகரத்துக்குள் சாதுவாக இருந்து, ஏற்றத்திலும் நெடுவழியிலும் மட்டும் கொதித்தால், நீர் குறைவாகவோ ரேடியேட்டர் அடைபட்டதாகவோ இருக்கும். இந்தக் குறிப்பைப் பட்டறைக்காரரிடம் சொன்னால் அவருக்கு நேரமும் நமக்குப் பணமும் மிச்சமாகும்.

எல்லாம் பார்த்துப் புறப்பட்டும் வழியில் முள் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்துவிடுங்கள். புழுங்கினாலும் பரவாயில்லை, யந்திரத்தின் உஷ்ணத்தில் ஒரு பகுதி அவ்வழியே போகும். அப்படியும் முள் இறங்காவிட்டால், அல்லது ஆவி கண்ணில் பட்டால், ‘இன்னும் இரண்டு கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும்’ என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் பல ஆயிரம் ரூபாய் கரைகிறது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அலுமினியத் தலையும் இரும்பு உடலும் கொண்ட யந்திரத்தில் ஒன்று மற்றொன்றை முறுக்கித் தலை வளைந்துவிடுகிறது, கேஸ்கட் கிழிகிறது. தொப்பூர் போன்ற கணவாயில் வளைவிலோ லாரிகள் வரும் தடத்திலோ நிறுத்தாமல், சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தி, யந்திரத்தை அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, குழந்தைகளையும் முதியோரையும் இடப்புறமாக இறக்கித் தொலைவில் நிழலில் உட்காரவையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்னும் எண்ணை அழைக்கலாம்.

அதன்பின் செய்ய வேண்டிய கடினமான காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. அரைமணி, முக்கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். இங்கேதான் பொறுமை இழந்து மூடியைத் திறந்து, முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொள்கிறார்கள். உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தால் மட்டுமே அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த அக்கணமே ஒருசேரக் கொதித்து ஆளுயரம் பீறிடும். ஆவி நிற்காத குக்கரின் மூடியைத் திறக்க எந்த இல்லத்தரசியும் துணியமாட்டாள். ஆடவர் அவளிடம் இதனைக் கற்றுக்கொள்ளலாம். மேல் ஹோஸ் குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவு ஆறிய பிறகு, தடித்த துணியை மடித்துப் போட்டு, முகத்தை விலக்கி, முதற்கட்டம் வரை மெல்லத் திருகி, சீற்றம் அடங்கியபின் முழுவதும் திறக்க வேண்டும். யந்திரம் அணைந்திருந்தாலும் மின்விசிறி திடீரென்று சுழலக்கூடும். புடவைத் தலைப்பும் விரலும் அதன் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகிக்கும் யந்திரத்தின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றவே வேண்டாம். சூடான கண்ணாடித் தம்ளரில் ஐஸ் நீர் ஊற்றினால் நேர்வதே அதற்கும் நேரும். ஆறிய பிறகு, சிறிது சிறிதாக ஊற்றலாம். அவசரத்துக்குக் குடிநீரே போதும். ஊர் சேர்ந்தபின் வடித்துவிட்டு முறையான கூலண்ட் நிரப்பிக்கொள்ளலாம்.

பழுது பார்ப்பதில் எங்கே சிக்கனம், எங்கே தாராளம் என்பதிலும் எமக்கு ஒரு கருத்து உண்டு. பழைய அம்பாஸடர் போன்றவற்றின் பித்தளை ரேடியேட்டரை ஈயப்பற்று வைத்துப் பலமுறை சீர்செய்யலாம். அந்தத் தொழில் தெரிந்த கைகள் சிவாஜிநகரில் இன்னும் இருக்கின்றன. பின்னர் வந்த அலுமினிய ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டி வெடித்துவிட்டால் பசை போட்டு ஒட்டுவது சில வாரத்துக்குமேல் நில்லாது; மாற்றிவிடுவதே சிக்கனம். ஜே.சி. ரோட்டில் புதிய பாகமும் கிடைக்கும், அதன் போலியும் கிடைக்கும். சிவாஜிநகரில் கழற்றிய பழைய பாகமும் வாங்கலாம். ஆனால் மூடி, ஹோஸ் குழாய், கிளிப், தெர்மோஸ்டாட் ஆகிய நான்கையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். வெயில் ஊர் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. யந்திரம் உரிய உஷ்ணத்துக்கு வராமலே ஓடினால் பெட்ரோலும் அதிகம், தேய்மானமும் அதிகம். வளைந்துபோன தலையைக் கடைந்து சமன்செய்து கேஸ்கட் மாற்றும் செலவு, வண்டியின் விலையில் பாதியைத் தொடுமானால், பாசத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வண்டியை விடுவது பற்றிக் குடும்பத்தோடு யோசிக்கலாம்.

வடித்த கூலண்டைச் சாக்கடையோரத்தில் கொட்டிவிடாதீர்கள். அது இனிக்கும், தெருநாய் நக்கும், குழந்தை விரலை வாயில் வைக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கவல்ல விஷம் அது. மூடியுள்ள டப்பாவில் பிடித்துப் பட்டறையிலேயே ஒப்படையுங்கள். மீதிக் கூலண்டைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைப்பது மிகவும் அபாயம். தவறிக் குழந்தை குடித்துவிட்டதென்று ஐயம் எழுந்தாலும் அறிகுறிக்குக் காத்திராமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

பழுது நீக்கி நிரப்பி வந்த வண்டியை அன்றே ஊருக்கு எடுக்க வேண்டாம். குழாய்களுக்குள் அகப்பட்ட காற்று, ஓடி ஆறும்போதுதான் வெளியேறும். மறுநாள் காலையில் மட்டம் பார்த்தால் சற்றுக் குறைந்திருக்கும். அது காற்று விட்ட இடம், கசிவன்று. நிரப்பிவிடலாம். அன்று ஜீவனஹள்ளியைச் சுற்றி, கிருஷ்ணராஜபுரம் வரை ஒருமுறை ஓட்டி வந்து, இரவு மீண்டும் செய்தித்தாளை விரித்து வையுங்கள். மூன்றாம் நாள் காலையிலும் மட்டம் அசையாமல், தாளும் உலர்ந்திருந்தால், சேலத்துக்குப் புறப்படலாம். குறைந்திருந்தால் பட்டறைக்குப் போகலாம்.